கழனித்தண்ணி ரோஜா

ரோஜா காய்க்கும் என்பதை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பார்க்க வாய்ப்பும் இல்லை. காய்க்க வேண்டுமானால் பூ செடியிலேயே இருந்து, இதழ் உதிர்ந்து, அதற்குப் பிறகும் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும். அரியலூரில் அப்படி ஒரு பூ உயிர் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விடிவதற்குள் சாமிக்குப் போகும். சாமிக்குத் தப்பியது கொண்டைக்குப் போகும். இரண்டுக்கும் தப்பியதைப் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் டீச்சருக்குக் கொண்டுபோவார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். செய்தி எழுதி, கவரில் போட்டு, மாலை திருச்சி பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும். கல்யாணமான புதிது. ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். முன்பாதியில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் சென்னையில். பக்கவாட்டில் நீண்டு கிடந்த கொல்லை இரண்டு வீட்டுக்கும் பொது. கிணறு பொது, துவைக்கிற கல் பொது, கொடி பொது. கொல்லையில் பூப்பது மட்டும் அவருடைய சாமிக்கு. கிணற்றடியில் ஒரு பன்னீர் ரோஜா, வேலி ஓரம் ஒரு சின்னச் சிவப்பு ரோஜா, கொஞ்சம் நந்தியாவட்டை. இருட்டு கலைவதற்குள் பூக்கூடையோடு வந்து எல்லாவற்றையும் பறித்துவிடுவார். மொட்டு வாய் திறந்திருந்தால் போதும், கூடைக்குள் போய்விடும்.

"செடியிலயே பூ வாடுச்சுன்னா வூட்டுக்கு ஆவாது தம்பி. அவரு தவறுன வருசம் நான் ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தேன். திரும்பி வந்து பாக்குறேன், கொல்லை பூரா பூ கருகித் தொங்குது. அன்னிக்கு முடிவு பண்ணேன்" என்றார் ஒருநாள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி அவரிடம் பேச முடியாது.

என் மனைவிக்குக் குன்னம் பக்கம். அவள் அப்பாவுக்குப் பருத்திக்காடு. ஒரு விதைக் கம்பெனிக்காக அந்தக் காட்டில் கிராசிங் வேலை நடக்கும். நாளைக்கு விரியப்போகும் மொட்டை இன்று சாயங்காலமே நகத்தால் கீறி, இதழை உரித்து, ஆண் பாகத்தை வழித்தெடுத்துவிட்டு நடுத்தண்டை மட்டும் விட வேண்டும். மறுநாள் காலையில் வேறு ரகத்துப் பூவைப் பறித்துவந்து அதன் தூளை அந்தத் தண்டில் தடவி, காம்பில் நூல் கட்டிவிட வேண்டும். பள்ளிக்கூட வயதிலிருந்து கல்யாணம் வரை அவள் அந்த வேலையைச் செய்திருக்கிறாள்.

"கொட்டையெல்லாம் லாரில போயிடுங்க" என்றாள் என்னிடம். "அது எங்க மொளச்சுது, என்ன பூத்துதுன்னு ஒரு தடவகூட பாத்ததில்ல. அத்தன கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன், ஒரு புள்ள மூஞ்சியப் பாக்கல."

அவளுக்கு வேண்டியது அதுதான். தான் கூட்டிவைத்த இரண்டு பூக்களின் பிள்ளை என்ன நிறத்தில் பிறக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பருத்திக்காடு இல்லாத டவுன் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டதால் ரோஜாவில் இறங்கினாள்.

ஒரு சாயங்காலம் கிணற்றடியில் குந்தி, பன்னீர் ரோஜாவின் மொட்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தவளை வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார்.

"ஏம்மா, வெங்காயமா அது, தோல உரிக்கிற?"

"கிராசிங் அத்தை. வேலியோரத்துச் செவப்போட தூள நாளைக்கு இதுல வைக்கப் போறேன். காய்க்கும்."

"ரோசா காய்க்குமா?"

"காய்க்கும் அத்தை. ஒரு கிளைய மட்டும் பறிக்காம விட்டுக் குடுங்க."

வீட்டுக்காரம்மா உரித்த மொட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதழே இல்லை, வாடுவதற்கும் எதுவும் இல்லை. "இதுல சாமிக்கு ஒண்ணுமில்ல. வச்சுக்க" என்றார். எங்கள் குடும்ப வரலாற்றின் முதல் ஒப்பந்தம் அப்படிக் கையெழுத்தானது.

நூல் கட்டிய மொட்டுகளில் பாதிக்கு மேல் கருகி விழுந்தன. இரண்டு நின்றன. பச்சையாக உருண்டு, மாதக்கணக்கில் ஆறப்போட்டு, கடைசியில் கோவைப்பழ நிறத்துக்கு வந்தன. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுப் பெண், "இத வச்சு கொத்சு வைக்கலாமாக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்காரம்மா பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு வாசனையும் இல்ல. எதுக்கு இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று உள்ளே போனார். ஆனால் அன்று மாலை மகனோடு போனில் பேசும்போது, "நம்ம கொல்லைல ரோசா காய்ச்சிருக்குடா" என்று அவர் சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது.

ரோஜா விதையைச் சில வாரம் குளிரில் வைத்தால்தான் முளைக்கும் என்று, வேறொரு செய்திக்காகப் பார்க்கப் போன தோட்டக்கலை அதிகாரி எனக்குச் சொன்னார். அரியலூரில் குளிர் என்று ஒன்று கிடையாது. தெருவில் இருந்த ஒரே ஃபிரிட்ஜ் வீட்டுக்காரம்மாவுடையது. ஈரமணலில் விதையைப் புதைத்த ஒரு டப்பா, அவருடைய இட்லி மாவுக்கும் மோருக்கும் நடுவில் குடியேறியது. "மாவு எடுக்கும்போதெல்லாம் மூடியத் தொறந்து பாக்குறேன். ஒண்ணும் எந்திரிக்கல" என்று தினமும் அறிக்கை கொடுத்தார். தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்ல என் மனைவிக்குத் தைரியமில்லை, ஃபிரிட்ஜ் அவருடையது.

மூன்று முளைத்தன. இரண்டு தலைசாய்ந்து அழுகிப்போயின. மிஞ்சிய ஒன்றைத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மூலையில் நட்டாள். அந்த மூலையை வீட்டுக்காரம்மா ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்: "செடி உன்னோடது. பூ சாமியோடது." நாங்கள் ஒப்புக்கொண்டோம். முழங்கால் உயரம் வந்தபோது மாமனார் எங்களைப் பார்க்க வந்தார்.

ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவர், அரிவாளோடு திரும்பி வந்தார். முகத்தில் உபகாரம் செய்த திருப்தி.

"மாப்ள, கல்லுக்குப் பின்னாடி ஒரு காட்டு ரோசா மண்டியிருந்துச்சு. ஏழு எல. அடியோட வெட்டி விட்டுட்டேன்."

வீட்டில் ரோஜா வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம் அது. ஒட்டுச்செடி வாங்கினால், ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பும் காட்டுக் கிளையில் காம்புக்கு ஏழு இலை இருக்கும், நல்ல கிளையில் ஐந்து. அதை வெட்டாவிட்டால் நல்ல செடியைத் தின்றுவிடும். மாமனார் பாடத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார். எங்கள் செடி அந்தப் பாடத்தில் இல்லை.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். அரிவாளைப் பார்த்தாள். "அப்பா, அது ஒட்டே இல்லப்பா. வெதைச்செடி. அதுக்கு மேலு கீழுன்னு கெடையாது. பூரா ஒரே செடி."

"ஏழு எல இருந்துச்சேம்மா..."

"அதுக்கு ஏழு எலதான்!"

அன்று மாமனாருக்குப் போட்ட ரசத்தில் உப்பு இல்லை. அவர் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் குன்னத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். ஒரு பையில் ஆட்டுப்புழுக்கை. கண்டக்டரோடு ஒவ்வொரு தடவையும் சண்டை. மகளிடம் பேசாமல் நேராகக் கல்லடிக்குப் போய், வெட்டிய அடிக்கட்டைக்கு முன்னால் கோயிலில் நிற்பதுபோல் நிற்பார். ஒருநாள் அங்கிருந்து கத்தினார். "துளுத்துடுச்சு! மாப்ள, துளுத்துடுச்சு!" ஒரு தண்டு இருந்த இடத்தில் மூன்று தண்டு. அடுத்த வாரமே அவர் பேச்சு மாறிவிட்டது. "வெட்டுனதாலதான் மூணா வந்துச்சு. அது பேரு கவாத்து மாப்ள."

முதல் பூவை என் மனைவி செடியில் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். பூஜை அறையில் முருகன் படத்தின் சட்டத்தில், இரண்டு சாமந்திக்கு நடுவே அது செருகியிருந்தது. ஐந்தே இதழ். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, வேறு எதுவென்றும் சொல்ல முடியாது.

"இதுக்குத்தான் என் ஃபிரிட்ஜுல எடம் புடிச்சு ரெண்டு வருசமா காக்க வச்சியா? அரிசி களஞ்ச தண்ணி கலரு. கழனித்தண்ணி!"

பெயர் ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டுப் பெண், பால்காரர், ஃபோனில் சென்னை மகன் எல்லோரும் கழனித்தண்ணி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். என் மனைவி மட்டும் அந்தப் பூவை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் ஆட வேண்டும்போல் இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். "மூஞ்சியப் பாத்துட்டேங்க" என்றாள். நான் என் பங்குக்கு இதழை எண்ணினேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

அடுத்த வருடம் இதழ்கள் இரட்டித்தன. இளம்செடியின் பூ வயதாக ஆகத்தான் தேறும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் எங்கள் சொந்த அதிசயமாகவே எடுத்துக்கொண்டோம். மூன்றாம் வருடம் இதழ் அடுக்கடுக்காக வந்தது. பன்னீர் ரோஜாவின் வாசனை திடீரென்று ஒரு மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது, எங்கேயோ வைத்து மறந்ததை எடுத்து வந்ததுபோல். நிறம் மட்டும் அதே கழனித்தண்ணி.

அந்தச் சமயத்தில் மாவட்டமும் செடியைப் போல மாறிக்கொண்டே இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்த நாங்கள் ஒருநாள் அரியலூர் மாவட்டமானோம். வரவேற்புச் செய்தி எழுதினேன். கொஞ்ச காலத்தில் திரும்பப் பெரம்பலூர் மாவட்டத்திலேயே சேர்த்தார்கள். அதையும் எழுதினேன். "நீங்க எழுதுறதால ஒண்ணும் நிக்கலீங்க" என்றாள் என் மனைவி. "எஞ்செடி வருசத்துக்கு ஒரு தடவதான் மாறுது."

ஓர் ஐப்பசி மழையில், ஒரு கிளை வளைந்து துவைக்கிற கல்லுக்கு மறுபக்கம் ஒளிந்துகொண்டது. அதில் இருந்த பூ வீட்டுக்காரம்மாவின் விடிகாலைக் கண்ணுக்குத் தப்பிவிட்டது. நடுவில் மழை விட்டு வெயில் அடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் துணி துவைக்கப் போன என் மனைவி ஈரக்கையோடு ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். நல்ல குங்குமச் சிவப்பு. அதே செடி, அதே கிளை. வேலியோரத்து அப்பனின் நிறம் வெயில் பட்ட பிறகுதான் வெளியே வருகிறது. விடிகாலையில் பறித்துவிட்டால் அது வரவே வராது.

வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். "இது வேலியோரத்துச் செடி. வேரு ஓடி வந்து கெளம்பியிருக்கு."

"இல்ல அத்தை, இதே செடி. முந்தாநாளு வெளுப்பு, இன்னிக்குச் செவப்பு."

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னா அது பூவா, ஓணானா?"

"ஒரே ஒரு பூவ மூணு நாளு விட்டுப் பாருங்களேன்."

"அதெல்லாம் ஆவாது." அவர் குரல் இறங்கியது. "ஒரு தடவ வுட்டது போதும்."

என் மனைவி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த தையில் சென்னை மகன் பொங்கலுக்கு வந்துபோனதும் வீட்டுக்காரம்மா ஒரு செய்தி சொன்னார். மருமகளுக்குக் கொல்லைக் கழிப்பறை ஒத்துவரவில்லை. முன்பாதி வீட்டோடு ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டப்போகிறார். துவைக்கிற கல் இருக்கும் மூலைதான் இடம். "கழனித்தண்ணிக்கு ஒரு கும்புடு போட்டுட வேண்டியதுதான். நல்ல பூவா இருந்தா யோசிக்கலாம்."

வேறு இடத்தில் நட வழி இல்லை. வேர் கல்லுக்கு அடியில் போயிருந்தது. குச்சி ஒடித்து நட்டுப் பார்த்தாள். அரியலூர்ச் சுண்ணாம்பு மண்ணில் ஒவ்வொரு குச்சியும் கறுத்தது. மாமனார் ஒரு மூட்டை குன்னத்துக் கரிசலைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதிலும் கறுத்தது. உலகத்திலேயே அந்த ரோஜா அந்த ஒரு மூலையில்தான் இருந்தது. கொத்தனார் வந்து, கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். கோடு செடியின் நடுவில் போனது. என் மனைவி அன்று இரவு சோறு வடிக்கவில்லை. நான் புரோட்டா வாங்கி வந்தேன். அதையும் அவள் தொடவில்லை.

வாஸ்து பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது திருமழபாடியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வீட்டுக்காரம்மாவின் கணவருக்குப் பங்காளி முறை. தொண்ணூறைத் தாண்டிய வயது. வீட்டுக்காரம்மாவே அவரை ஒரு கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் பங்காளி பங்காளிதான். கொள்ளிடத்தில் குளித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே அறிவித்தார். "கருமாதி வரைக்கும் தீட்டு. வெளக்கு கெடையாது, பூசை கெடையாது. கட்டட வேலையும் அப்பறந்தான்."

பூஜை இல்லை என்றால் பூப் பறிப்பதும் இல்லை.

என் மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் துக்க வீட்டு வாசலில் சிரித்திருப்போம். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "பாவம், நல்லா வாழ்ந்தவரு" என்றாள். குரல் நடுங்கியது. வீட்டுக்காரம்மா அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் விடிவதற்கு முன் வழக்கம்போல் எழுந்தவருக்குச் செய்ய வேலை இல்லை. பூக்கூடை இல்லாத கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொல்லையில் நின்றார். எங்கள் அடுப்படி ஜன்னலிலிருந்து இரண்டு பேரும் பார்த்தோம். அவர் கழனித்தண்ணிச் செடியைச் சுற்றி வந்தார். இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தன் பழைய சேலைக் கரையிலிருந்து ஒரு பச்சை நூலை உருவி, அன்று விரிந்த ஒரு வெளுத்த பூவின் காம்பில் கட்டினார்.

"கிராசிங் பண்றாங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

"சும்மா இருங்க. அடையாளம் வைக்கிறாங்க. நம்மளக் கையும் களவுமா புடிக்கப் போறாங்க."

அன்று சாயங்காலம் அந்தப் பூவின் ஓரத்தில் லேசாக இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. இரண்டாம் நாள் கன்னம்போல் ஆனது. வீட்டுக்காரம்மா விடிகாலை, மதியம், பொழுதுசாயும் நேரம் என்று வந்துவந்து பார்த்தார். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, ஆனால் எங்களுக்குக் கொல்லையில் திடீரென்று நிறைய வேலை இருந்தது. காய்ந்த துணியையே திரும்ப அலசிக் காயப்போட்டாள் என் மனைவி.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூப்பிட்டார். "ஏய் பாப்பா, வா இங்க. தம்பியயும் கூட்டிக்கிட்டு வா."

பச்சை நூல் கட்டிய காம்பின் மேல் பூ குங்குமமாக நின்றது. பக்கத்தில் அன்றைக்கு விரிந்தது வெளுத்திருந்தது. நேற்றையது நடுவில் எங்கோ இருந்தது. மூன்று நாளும் ஒரே கிளையில்.

"நூலு நான் கட்டுனது" என்றார். யாரும் மறுக்கவில்லை. "எங்கைல கட்டுனது. முடிச்சும் என் முடிச்சு." நூலை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு என் மனைவியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "அடிப்பாவி! இத்தன வருசமா என்னக் கழனித்தண்ணியப் பறிக்க வுட்டு வேடிக்க பாத்தியா?"

"சொன்னேனே அத்தை!"

"நீ சொன்னா நான் கேப்பனா? கைய காலப் புடிச்சிருக்க வேணாமா?"

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரம்மாவும் சிரித்தார். துக்க காலத்தில் கொல்லையில் என்ன சிரிப்பு என்று எதிர்வீட்டுப் பெண் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "வாடி, வந்து பாரு, நம்மூட்டு ஓணானப் பாரு!" என்று வீட்டுக்காரம்மா அவளையும் கூப்பிட்டார். பூ வாடி உதிரும் வரை அதைத் தொடவில்லை. உதிர்ந்த அன்று கொஞ்சம் பயத்தோடு வீட்டைச் சுற்றி வந்தார். வீடு அப்படியே இருந்தது. அன்று மகனோடு பேசியபோது உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை விசாரித்தார். அதற்குப் பிறகு பயப்படவில்லை.

கருமாதி முடிந்து கொத்தனார் வந்தார். வீட்டுக்காரம்மா காலால் சுண்ணாம்புக் கோட்டை அழித்து, செடியைச் சுற்றி வளைத்து வேறு கோடு காட்டினார்.

"சொவரு இப்படி ஒடிஞ்சா வாஸ்து ஒத்துக்காதும்மா" என்றார் கொத்தனார்.

"வாஸ்து வந்து குளிக்கப்போவுதா? நீ கட்டு."

"உள்ள எடம் இருக்காது."

"ஒல்லியா கட்டு."

சாமிக்கும் ஒரு வழி செய்தார். வெளுத்த பூ இனிமேல் சாமிக்குக் கிடையாது. மூன்று நாள் வெயில் குடித்துச் சிவந்ததுதான். "இத்தன வருசமா அவருக்குக் கழனித்தண்ணியவே குடுத்திருக்கேன். கோவிச்சுக்கல பாரு." விடிகாலையில் அந்தச் செடிப் பக்கம் யாராவது போனால், "கைய வச்சா வாடகைய ஏத்திப்புடுவேன்" என்று முன்பாதியிலிருந்து குரல் வரும். மாமனாருக்கே அந்த எச்சரிக்கை கிடைத்தது. அவர், கவாத்து பண்ணியதே தான்தான் என்று நெடுநேரம் வாதாடினார்.

எங்களை மறுபடியும் அரியலூர் மாவட்டமாக்கிய வருடம், நான் மூன்றாவது முறையாக அந்தச் செய்தியை எழுதிக்கொண்டிருந்தேன். கொல்லையில் என் மனைவி புதிதாக இரண்டு மொட்டை உரித்து நூல் கட்டிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜில் டப்பாவுக்கு இடம் வேண்டும் என்று கேட்காமலே வீட்டுக்காரம்மா மோரை வெளியே எடுத்து வைத்திருந்தார். தீபாவளி முடிந்தும் ஊருக்குப் போகாத சென்னை மகன் குளித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். பிறகு முழங்கை சுவரில் இடித்த சத்தம்.

"அம்மா! இந்த மூலைல சோப்பு வுழுந்தா குனிஞ்சு எடுக்கவே முடியல. கோணையா கட்டி வச்சிருக்க!"

வீட்டுக்காரம்மா செடியில் அன்றைய பூக்களை எந்த நாள் பூ என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

"அது வளையாதுடா. நீ வளைஞ்சு குளி."